பிரிட்ஜ் மோடில் இருக்கும் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தை ரவுட்டர் வழியாகத் திறப்பது: அனுபவப் பகிர்வு

மோடத்தை பிரிட்ஜுக்கு (இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலை) மாற்றி, பிபிபிஓஇ லாகினை (சேவை நிறுவனம் தந்த யூசர்நேம், பாஸ்வேர்டு கொண்டு இணைவது) ரவுட்டரிடம் கொடுத்ததும் மோடத்தின் பக்கமான 192.168.1.1 திறக்காமல் போகும். மோடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே ஐபியோடுதான் இருக்கிறது. ரவுட்டருக்குத்தான் வழி தெரியவில்லை. அதன் ‘வான்’ (வெளி இணைப்பு) போர்ட்டில் இப்போது இரண்டு அடுக்கு: கேபிள் செருகிய ஈதர்நெட் போர்ட், அதன்மேல் ஓடும் பிபிபி இணைப்பு. ஐபி இருப்பது மேலடுக்குக்கு மட்டும். 192.168.1.1 என்று கேட்டால் ரவுட்டர் அதையும் பிபிபிக்குள் தள்ளிவிடும், சேவை நிறுவனத்தின் பக்கம் அது தொலைந்துபோகும். எனவே கீழடுக்குக்கும் மோடத்தின் சப்நெட்டில் (ஒரே தொடக்கம் கொண்ட ஐபி குழு) ஒரு ஐபி கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால், மோடமும் ரவுட்டரின் லேனும் (வீட்டு நெட்வொர்க்) ஒரே சப்நெட்டில் இருக்கக் கூடாது. இரண்டும் 192.168.1.x என்றால் கணினி மோடத்தை லேனுக்குள்ளேயே தேடும். ரவுட்டரை 192.168.10.1 என மாற்றிவிடுங்கள்.

*

ஓபன்டபிள்யூஆர்டியில் (ரவுட்டரில் ஏற்றும் மென்பொருள்): நெட்வொர்க் → இன்டர்ஃபேசஸ் → புதிதாக ஒன்று. பெயர் ‘மோடம்’, புரோட்டோகால் ஸ்டாட்டிக், ஐபி 192.168.1.2, மாஸ்க் 255.255.255.0. கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே மோடத்தின் ஐபியைப் போட்டால் டிஃபால்ட் ரூட் (தனி வழி இல்லாத எல்லாம் போகும் பாதை) மோடம் பக்கம் திரும்பி இன்டர்நெட்டே நின்றுவிடலாம். டிவைஸ் தேர்வில் பிபிபிஓஇ என்று தொடங்குவதை எடுக்காமல், அந்த இணைப்பு எந்த போர்ட்டின் மேல் ஓடுகிறதோ அதை எடுங்கள். ஃபயர்வால் ஜோன் (ஒரே விதிகள் பொருந்தும் இன்டர்ஃபேஸ் குழு) ‘வான்’.

அந்த ஜோனில் மாஸ்கரேடிங் (அனுப்புபவரின் ஐபியை ரவுட்டரின் ஐபியாக மாற்றுவது) முன்பே இருக்கும். அது இல்லாமல் நடக்காது. மோடத்துக்கு 192.168.10.x எங்கே இருக்கிறது என்று தெரியாது, பதிலை அனுப்ப வழியில்லை. மாஸ்கரேட் செய்தால் கேட்பது 192.168.1.2 என்று நினைத்து ரவுட்டரிடமே பதில் தரும்.

*

மைக்ரோடிக் ரவுட்டரில் ஐபி → அட்ரஸஸ் போய் ஈதர்1-க்கு (மோடம் கேபிள் செருகிய போர்ட்) 192.168.1.2/24. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நேட் விதி (ஐபியை மாற்றும் விதி, மாஸ்கரேட் அதில் ஒரு வகை) எந்த இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டைச் சுட்டுகிறது என்று பாருங்கள். அதில் பிபிபிஓஇ மட்டும் இருந்தால் ஈதர்1-ஐயும் சேர்க்க வேண்டும், அல்லது ஈதர்1-க்கு தனியாக ஒரு மாஸ்கரேட் விதி.

டிபி-லிங்க் ஆர்ச்சர் ரவுட்டர் பலவற்றில் வேலை இன்னும் சுலபம். பிபிபிஓஇ பக்கத்திலேயே ‘செகண்டரி கனெக்‌ஷன்’ இருக்கும். ஸ்டாட்டிக் ஐபி தேர்ந்தெடுத்து அதே 192.168.1.2, அதே மாஸ்க். டைனமிக் வைத்தால் மோடத்தின் டிஹெச்சிபி (ஐபியைத் தானாகக் கொடுக்கும் சேவை) ஓடிக்கொண்டிருந்தால்தான் ஐபி கிடைக்கும்.

*

மேலே சொன்னதில் விஎலான் (ஒரே கேபிளில் எண் போட்டுப் பிரித்த தனி நெட்வொர்க்) விட்டுப்போயிற்று. இணைப்புக்கான டேகை (அந்த எண்ணை) ரவுட்டர் போடுகிறது என்றால் (உதாரணமாக ஈதர்1-ன் மேல் விஎலான் 7), மோடத்தின் ஐபியை விஎலான் இன்டர்ஃபேஸில் வைக்காதீர்கள். பெரும்பாலான மோடத்தின் நிர்வாகப் பக்கம் டேக் இல்லாத பாக்கெட்டுக்குத்தான் பதில் சொல்லும். அடிப்படை போர்ட்டில் வையுங்கள்.

ஃபைபர் ஓஎன்டி (ஃபைபர் இணைப்பின் மோடம்) சிலவற்றில் பிரிட்ஜுடன் பிணைத்த லேன் போர்ட்டில் நிர்வாகப் பக்கமே வராது, மற்ற போர்ட்டில்தான் வரும். இரண்டாவது கேபிள் போடலாம். ஆனால் அதை ரவுட்டரின் வீட்டு லேனில் செருகாதீர்கள். ஓஎன்டியின் டிஹெச்சிபி வீட்டுக் கருவிகளுக்கு ஐபி கொடுக்கத் தொடங்கும். அந்த போர்ட்டும் பிரிட்ஜில் இருந்தால் உங்கள் லேன் நேராக வெளி நெட்வொர்க்கோடு சேர்ந்துவிடும். ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் தனி இன்டர்ஃபேஸாகப் பிரித்து அதில் செருகுங்கள்.

கேபிள் டிவி வகை மோடங்களில் 192.168.100.1 பெரும்பாலும் எந்த செட்டிங்கும் இல்லாமலே திறக்கும், அங்கே பிபிபி அடுக்கு கிடையாது.

*

திறக்கவில்லையா? முதலில் ரவுட்டரிலிருந்தே மோடத்துக்கு பிங் செய்யுங்கள். வரவில்லை என்றால் ஐபி, விஎலான், கேபிள் மூன்றில் ஒன்று. அங்கிருந்து வருகிறது, கணினியிலிருந்து வரவில்லை என்றால் நேட் அல்லது ஃபயர்வால். கணினியில் விபிஎன் ஓடினாலும் இதே அறிகுறிதான், அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு இன்டர்நெட் இணைப்புகளில் மாற்றி மாற்றி அனுப்பும் ரவுட்டரில், மோடத்தின் சப்நெட்டுக்கு விதிவிலக்கு எழுத வேண்டியிருக்கும்.

பிங் வருகிறது, பக்கம் மட்டும் வரவில்லை என்றால் பிரவுசர் பிரச்சினை. பிரவுசர் தானாகவே ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவும்; பழைய மோடத்தின் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய குறியாக்கத்தை இன்றைய பிரவுசர்கள் ஏற்பதில்லை. முகவரியின் முன்னால் ஹெச்டிடிபி என்று நீங்களே முழுதாக அடியுங்கள்.

*

ஒரு திருத்தம். மோடத்தை ‘வான்’ ஜோனில் போட்டால், இன்டர்நெட்டுக்குப் போக அனுமதி உள்ள விருந்தினர் வைஃபையும் மோடம் பக்கத்தைத் திறக்கலாம். பழைய பாஸ்வேர்டே இருந்தால் இது விஷப்பரீட்சை. மோடத்துக்கு தனி ஜோன் உண்டாக்கி, மாஸ்கரேடிங் போட்டு, உள்வரவை ரிஜெக்ட் செய்து, லேனிலிருந்து மட்டும் ஃபார்வர்டு கொடுங்கள்.

பக்கம் திறந்ததும் பார்க்க வேண்டியது: டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி இணைப்பு) என்றால் எஸ்என்ஆர் மார்ஜினும் (இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு மிச்சமுள்ள இடைவெளி) சிஆர்சி பிழை எண்ணிக்கையும் (கெட்டு வந்த தரவு). ஜிபான் வகை ஃபைபர் என்றால் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு). பி-பிளஸ் வகை ஒளிக் கருவிக்கு −8 முதல் −27 டிபிஎம் வரை எல்லை. −26-ல் நின்றால் கனெக்டரைத் துடைக்கச் சொல்லி புகார் கொடுக்கலாம்.