மறுமொழி: குருந்தமா, குருவிந்தமா, கொரண்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கடினத்தன்மை பற்றிய பாடத்தைத் திங்கட்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும் என்று ஆசிரியை எழுதி நான்கு நாளாகிறது. கனிமங்களின் கடினத்தன்மையை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோசு அளவுகோலில் எட்டுக்குப் புட்பராகமும் பத்துக்கு வைரமும் அமைந்துவிட்டன. ஒன்பதாம் இடத்திலுள்ள, ஆங்கிலத்தில் corundum எனப்படும் அலுமினியம் ஆக்சைடுக் கனிமத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே கேள்வி. நான் பரிந்துரைப்பது குருந்தம்.

கொரண்டம் என்றே எழுதலாம் என்போர், அந்த ஆங்கிலச் சொல் நம் குருந்தத்திலிருந்தே போனது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மேலும், பட்டறைகளில் வழங்கும் கார்போரண்டம் வேறு பொருள். 1890களில் அமெரிக்கரான அச்சிசன், தாம் உண்டாக்கிய சிலிக்கன் கார்பைடைக் கார்பனும் குருந்தமும் கூடிய பொருளென்று தவறாகக் கருதி இட்ட பெயர் அது. கொரண்டம் என்று அச்சிட்டால் மாணவர் இரண்டையும் ஒன்றெனவே கொள்வர்.

குருவிந்தம்தான் வேண்டும் என்ற ஐயாவின் வாதம் வலுவானது. சிலப்பதிகார ஊர்காண் காதையில், மதுரை மணிக்கடைத் தெருவில் 'பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்' என வரும் மாணிக்க வகைகளுள் விந்தம் என்பது குருவிந்தமே. ஆனால் அது சிவப்புக்கல்லின் பெயர். பாடம் பேசும் அலுமினியம் ஆக்சைடோ, குரோமியம் கலந்தால் மாணிக்கமாகவும், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகவும் அமைவது. இவற்றோடு சாம்பல் நிறச் சாணைத்தூளையும் தழுவும் பொதுப்பெயர் நமக்குத் தேவை.

'குருவும் கெழுவும் நிறனா கும்மே' என்ற தொல்காப்பிய நூற்பாவைக் காட்டி, நிறம் என்னும் பொருளுடைய குருவே குருந்தத்தின் வேர் என்று அம்மையார் எழுதியதை மூன்று முறை படித்தேன். நம்ப ஆசையாக இருக்கிறது. ஆயினும் வடமொழிக் குருவிந்தம் முந்தியதா, தமிழ்க் குருந்தம் முந்தியதா என்பதை அந்நூற்பா தீர்த்து வைக்கவில்லை.

குருந்து மரத்தோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாயவன் ஒசித்த குருந்தைக் கல்லென்று எவரும் கொள்வதில்லை. ஐயமிருப்பின் சொல் முதலில் வருமிடத்தில் குருந்தக்கல் என்று எழுதலாம். என் தந்தையார் கல் பட்டை தீட்டுபவர். உருக்கிய அரக்கில் பொடியைக் கலந்து சாணை வார்க்கும்போது, ஒரு சிட்டிகையை விரலிடையே தேய்த்துப் பார்த்து, 'குருந்தம் இன்னும் நைய வேண்டும்' என்பார். அவர் வாயில் வேறு பெயர் வந்ததில்லை.

பாடத்தில் குருந்தம் என்றிட்டு, மாணிக்கத்தைக் குறிக்குமிடத்தில் மட்டும் குருவிந்தத்தை ஆளலாம். ஐயா உடன்படமாட்டார் என்று அறிவேன். அவர் மறுப்பு ஞாயிறு இரவுக்குள் வந்தால் ஆசிரியைக்கு உதவும்.