புதுப்பிப்பு: பீக் புஷ்களின் கரும்பழுப்பு விளிம்பு

நீராவி வால்வுக்காகப் பீக் (PEEK) என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கில் வார்த்த புஷ்களின் (உள்ளே துளையுள்ள உருளை வளையங்களின்) விளிம்பு மட்டும் கண்ணாடிபோல் கரும்பழுப்பாக இருப்பதும், சூட்டில் அவை சுருங்குவதும் ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன்; காரணம் பிடிபட்டுவிட்டது. மூலப்பொருளில் குறையில்லை, அச்சுதான் குளிர்ந்திருந்தது. 343 டிகிரி செல்சியஸில் உருகும் இந்தப் பிளாஸ்டிக், 143 டிகிரிக்குக் கீழே உள்ள அச்சுச் சுவரைத் தொட்டதும் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கிப் படிகமாக அவகாசமின்றி உறைந்துவிடுகிறது; அதுதான் அந்தக் கரும்பழுப்பு விளிம்பு. பிறகு வால்வின் சூட்டில் படிகமாகும்போது அடர்த்தி கூடி, அளவு குறைகிறது. மின்சூடாக்கிக் கம்பிகள் பொருத்தி அச்சை 180 டிகிரியில் நிறுத்தியதும், புஷ் முழுவதும் ஒளி ஊடுருவாத வெளிர்பழுப்பாக வந்தது. பழையவற்றை 200 டிகிரி அடுப்பில் நான்கு மணி நேரம் வைத்ததில் நிறம் தேறியது, உள்விட்டம் தேறவில்லை, கழித்துவிட்டோம். டெஃப்லானுக்கே திரும்பலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை, ஏனெனில் தொடர்ந்த சுமையில் அது மெல்ல நசுங்கி நகர்ந்துவிடும்.