வாசலில் தடுப்பூசிச் சான்று கேட்பதைத் தொடரலாமா?

சின்ன ஜிம் நடத்துகிறேன். ஜன்னல் இல்லாத ஹால். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட உறுப்பினர் ஒருவர், எல்லோரிடமும் கோவிட் தடுப்பூசிச் சான்று கேட்கச் சொன்னார். அவரைப் போல எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசியின் பலன் குறைவு, அவர் பயம் நியாயமானது.

போன மாதம் முதல் கேட்கிறோம். பலர் திரும்பிப் போகிறார்கள். வரவேற்பில் இருக்கும் பெண்தான் திட்டு வாங்குகிறார். ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி எல்லாம் எங்கள் போனில் தெரிகிறது, அது எனக்கே உறுத்துகிறது. காற்றைச் சுத்தம் செய்யும் ஹெப்பா ஃபில்டர் வைத்தாயிற்று. அந்த உறுப்பினருக்குத் தனி நேரம் ஒதுக்கியும் அவர் வேலையோடு ஒத்துவரவில்லை.

பிரான்ஸில் 2021 ஆகஸ்டில் உணவகங்களில் சான்று கட்டாயமானது, 2022 மார்ச்சில் நிறுத்தினார்கள். அங்கே அரசு ஆணை இருந்தது, எனக்கு இல்லை. பழைய ஊசி கடும் நோயிலிருந்து காக்கிறது, ஆனால் தொற்றைத் தடுக்கும் திறன் சில மாதங்களிலேயே குறைகிறது.

இந்த நிலையில் சான்று கேட்பது அவருக்கு உண்மையிலேயே பாதுகாப்பா?