புதுப்பிப்பு: ஃபோலிக் அமிலம், இரண்டு டப்பா குழப்பம்

கர்ப்பத்துக்குத் தயாராகும்போது ஃபோலிக் அமில மாத்திரையோடு மல்டிவைட்டமினும் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இன்று இரண்டு டப்பாவையும் மருத்துவரிடம் காட்டினேன். மல்டிவைட்டமின் டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில், அதிலேயே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்! பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு அதுவே போதுமாம். தனி மாத்திரையை நிறுத்திவிட்டேன். கருத்தரித்த முதல் 28 நாளுக்குள் குழந்தையின் நரம்புக்குழாய் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆவது) மூடிவிடும், அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும் என்பதால், முன்கூட்டியே தொடங்கியது சரிதான். கர்ப்பத்தின் 12 வாரம் வரை தொடர வேண்டும்.

அப்புறம், தோழி சொன்ன 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை. வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் மருத்துவர் எழுதித் தருவது அது. தயவுசெய்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஃபோலிக் அமிலம் அளவு மிஞ்சினால் வைட்டமின் பி12 குறைபாட்டின் ரத்தசோகை வெளியே தெரியாது. நரம்புப் பாதிப்போ உள்ளுக்குள் தொடரும். எனக்கு பி12 பரிசோதனையும் எழுதியிருக்கிறார், நாளை காலை ரத்தம் கொடுக்கிறேன்.