பிராணாயாமம் செய்யும் கூடத்தில் சாம்பிராணி போடலாமா?

வைகறைப்பாய்:
கோவையில் ஒரு மாடிக் கூடத்தில் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு எடுக்கிறேன். ஊதுபத்தி பக்கமே போவதில்லை. தூபக்காலில் கரித்தணல், அதன்மேல் கட்டிச் சாம்பிராணி, கொஞ்சம் வெள்ளைக் குங்கிலியம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா, புகை போட்டால் வரமாட்டேன் என்கிறார். ரசாயன பத்தியையும் மரத்துப் பிசினையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா? வீட்டுக்கு நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்துவிட்டுக் குங்கிலியம் வாங்கிய கலய நாயனார் திருக்கடவூரில் வாழ்ந்தார். அந்த மரபில் வந்த நாம் தூபத்துக்குப் பயப்பட வேண்டுமா? மணம் வந்ததும் மாணவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அமர்வதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன். எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள்.

சுவாசப்பிரிவு:
நான் ஒரு மருத்துவமனையின் சுவாசப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த அம்மா கேட்டது முழுக்கச் சரி. பிசின் மரத்தில் இருக்கும்வரை இயற்கைதான். எரிந்த பிறகு நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன் எல்லாம் வரும். விறகும் இயற்கைதானே, அடுப்படிப் புகை எத்தனை பெண்களின் நுரையீரலைக் கெடுத்தது! ஒரு கிராம் தூபப் பொருள் எரிந்தால் சராசரியாக 45 மில்லிகிராமுக்கு மேல் துகள் வருகிறது. ஒரு கிராம் சிகரெட்டுக்கு அது 10 மில்லிகிராம். அதற்கு மேல் பிராணாயாமம்! பஸ்திரிகா என்ற வேக மூச்சுப் பயிற்சியில் சாதாரண மூச்சைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம். கும்பகத்தில் அதை நிறுத்தி வைக்கிறோம். காற்று உள்ளே நிற்கும் நேரம் கூடக்கூட, துகள் நுரையீரலில் படிவதும் கூடும். புகை போட வேறு இடமா கிடைக்கவில்லை?

வைகறைப்பாய்:
சிகரெட்டோடு ஒப்பிடுவது மிகை, தோழரே. சிகரெட் புகையை ஆள் நேராக உறிஞ்சுகிறார். என் தூபக்கால் கூடத்தின் மூலையில் இருக்கிறது.

சுவாசப்பிரிவு:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி என்று ஒரு கூடம். ஏறக்குறைய 85 கனமீட்டர் காற்று. ஒரே ஒரு கிராம் எரித்து ஜன்னலை மூடி வைத்தால் கனமீட்டருக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் துகள். நுண்துகளுக்கு நம் அரசு வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 15. ஒரு மணி நேர வகுப்பை நாள் முழுக்க உள்ள சராசரியோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் மூலையில் வைத்ததால் என்ன குறைந்தது? துகள் மூலையிலேயே நிற்காது.

மருந்துக்கடை_பெரியவர்:
நாற்பது வகைப் பிசினை எடை போட்டு விற்பவன் என்ற முறையில் பேசுகிறேன். நீங்கள் இருவருமே சரக்கைப் பார்க்காமல் சண்டை போடுகிறீர்கள். நம் கடைகளில் வாங்கும் சாம்பிராணி பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து கப்பலில் வருவது. வெள்ளைக் குங்கிலியம் மேற்குத் தொடர்ச்சி மலை மரத்துடையது. பறங்கிச் சாம்பிராணி வேறு மரம், வட இந்தியக் காட்டில் வளர்வது. நல்ல கட்டிச் சாம்பிராணியை உடைத்தால் பழுப்புக்குள் பாதாம் பருப்பு வெட்டியது மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரியும். விலை குறைத்துக் கொடுப்பதில் ரோசின் என்ற பைன் மரப் பிசினைக் கலந்திருப்பார்கள், அது கரும்புகை விடும், தொண்டையைக் கிள்ளும். இப்போது எல்லோரும் வாங்கும் கப் சாம்பிராணியில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும் வாசனை எண்ணெயும்தான். அதைக் கொளுத்திவிட்டு இயற்கைத் தூபம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், டாக்டர்களே டிங்சர் பென்சாயின் போட்டு ஆவி பிடிக்கச் சொல்கிறார்களே, அது என்ன? சாம்பிராணிச் சாறுதானே! மூச்சுக்கு அது ஆகாது என்றால் எதற்கு எழுதிக் கொடுக்கிறீர்கள்?

சுவாசப்பிரிவு:
ஐயா, நல்ல கேள்வி. பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அது ஆவி. கொதிக்கும் நீரில் நாலு சொட்டு, எரிவது எதுவும் இல்லை. தணலில் போட்டால் கருகுகிறது. அதிலுள்ள பென்சாயிக் அமிலம் சூட்டில் ஆவியாகித் தொண்டையில் இருமலைக் கிளப்புகிறது, ஆஸ்துமாக்காரருக்கு அது போதும். கூடவே தணலின் கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாசனையே கிடையாது.

சிங்கப்பூரில் 61,000க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2008ல் வெளிவந்தது. வீட்டில் நீண்டகாலம் தூபம் கொளுத்தியவர்களிடம் மேல் சுவாசப் பாதைப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது.

வைகறைப்பாய்:
அந்த வீடுகளில் நாள் முழுக்க, வருடக்கணக்கில் எரிந்தது ஊதுவத்தி. என் வகுப்பில் எரிவது கொஞ்ச நேரப் பிசின். இன்னொரு ஆய்வும் அதே 2008ல் வந்ததே, எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தார் செய்தது. குந்திரிக்க வகைப் பிசினிலுள்ள ஒரு பொருள் எலிகளின் மனக்கலக்கத்தைக் குறைத்தது. மாணவர்கள் அமைதியாவதாக நான் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சுவாசப்பிரிவு:
அந்த எலிகளுக்குப் பொருளைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினார்கள், புகை காட்டவில்லை.

மருந்துக்கடை_பெரியவர்:
அந்தப் பொருள் நிறைய இருப்பது எத்தியோப்பியப் பக்கத்துப் பிசினில். தம்பி தணலில் போடுவது சுமத்ரா சாம்பிராணி. மரமே வேறு.

ஏட்டுச்சுவடி:
யோக நூல்களில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. யோகதத்துவ உபநிடதம் சாதகனின் குடிலை விவரிக்கிறது. சின்ன வாசல், ஓட்டை உடைசல் இல்லாத சுவர், சாணம் மெழுகிய தரை, கொசுவும் மூட்டைப்பூச்சியும் இல்லாத அறை. தினமும் பெருக்க வேண்டும், குக்குலு என்ற பிசின் முதலியவற்றால் தூபம் காட்ட வேண்டும்.

வைகறைப்பாய்:
நன்றி ஐயா! ஜன்னலே இல்லாத குடிலில் தூபம் போடச் சொல்லியிருக்கிறார்கள், என் கூடத்தில் நாலு ஜன்னல் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
அவசரப்படாதீர்கள். பெருக்குவதோடு சேர்த்துத் தூபத்தைச் சொல்கிறது, அறையை ஆயத்தப்படுத்தும் வேலையாக. கொசு, மூட்டைப்பூச்சி என்று முன்பே வந்துவிட்டதால் அதன் பயனும் விளங்குகிறது. ஆசனம் போட்டு அமர்ந்த பிறகு யாரும் துடைப்பத்தைக் கையில் எடுப்பதில்லை. பிராணாயாமம் செய்யும்போது பக்கத்தில் தணல் புகையட்டும் என்று அந்தப் பகுதியில் எங்கும் இல்லை. நான் தூபத்துக்கு எதிரி இல்லை, என் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் போடுகிறோம். ஆனால் கலய நாயனார் தூபம் போட்டது இறைவன் சந்நிதியில். கபாலபாதி மூச்சுப் பயிற்சி செய்பவர் மூக்குக்கு நேரே போட அவரைச் சாட்சிக்கு அழைப்பது முறையில்லை.

மருந்துக்கடை_பெரியவர்:
குக்குலு என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். குஜராத், ராஜஸ்தான் வறண்ட நிலத்துச் செடி அது. பிசின் அதிகம் வர வேண்டுமென்று கண்டபடி கீறுவதால் செடியே பட்டுப்போகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனமாக ஏறிவிட்டது. உபநிடதத்தில் இருக்கிறது என்று நாளைக்கே எல்லோரும் கிலோக் கணக்கில் கேட்டு வராதீர்கள், நான் கொடுக்கமாட்டேன்.

பாய்_விரிப்பவள்:
நான் வேறொரு ஊரில் யோகா கற்றுக்கொள்ளும் மாணவி, எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவேன். புகை போட்ட நாளில் நாடி சுத்தி மூச்சுப் பயிற்சி தொடங்கியதுமே நெஞ்சு இறுகும். மற்றவர்கள் கண்மூடி ரசிக்கும்போது எழுந்து வெளியே போக வெட்கமாக இருக்கும். ஆசிரியரிடம் சொன்னேன். "இயற்கைதான்மா, பழகிவிடும்" என்றார். மூச்சுக்குழாய் பழகவில்லை, நான் அந்த வகுப்பை விட்டேன். அண்ணா, உங்களிடம் வந்த அம்மா வாயைத் திறந்து கேட்டாரே, அதற்கு நன்றி சொல்லுங்கள். கேட்காமல் நின்றுவிடுபவர்கள்தான் அதிகம்.

வைகறைப்பாய்:
சகோதரி எழுதியதைப் படித்த பிறகு வீம்புக்காக வாதம் செய்ய மனம் வரவில்லை. ஆனால் தூபத்தையே நிறுத்து என்பதை இன்னமும் ஏற்கவில்லை. அந்த மணத்தோடு பாயை விரிப்பதும் என் குருநாதர் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு. ஐந்து மணிக்கே கூடத்தைப் பெருக்கி, கொஞ்சமாகப் போட்டு, தணலை மொட்டைமாடியில் கொண்டுபோய் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து மின்விசிறியையும் போட்டுவிட்டால்? வகுப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. சுவரில் லேசாக மணம் நிற்கும், புகை நிற்காது.

சுவாசப்பிரிவு:
முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் துகள் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். துகள் அளக்கும் சின்ன மீட்டர் வாங்கிக் கூடத்தில் வையுங்கள். தூபம் போடுமுன் காட்டிய எண்ணுக்கு அது இறங்கிய பிறகுதான் பாய் விரிக்க வேண்டும். இன்னொன்று கேட்கிறேன். கோவை மார்கழிக் குளிரில் ஐந்து மணிக்கு நாலு ஜன்னலையும் திறப்பீர்களா?

வைகறைப்பாய்:
மார்கழியில் திறக்க முடியாது, முதியவர்கள் வருகிறார்கள். அந்த மாதம் முழுக்கத் தூபக்கால் கீழே வாசல் கோலத்துக்குப் பக்கத்தில் இருக்கும், மாடிக்கு வராது. அந்த அம்மாவுக்கு இன்றே போன் செய்கிறேன்.