புல்லில் நின்றால் போகாத நாய்க்குட்டி, உள்ளே வந்ததும் மூத்திரம் போகிறது. உதவுங்கள்

மின்னி வீடு, பட்டர்வொர்த்:
வணக்கம். எங்களுடையது தரை வீடு. ஒன்பது வாரப் பெண் குட்டி, வந்து 12 நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை பின்புறப் புல்லுக்குத் தூக்கிப் போகிறேன். இலையைக் கடிக்கும், எறும்பைத் துரத்தும், அது மட்டும் நடக்காது. உள்ளே வந்த இரண்டாவது நிமிடம் சாமி மேடைக்கு முன்னால் இருக்கும் கால்மிதியில் போய்விடுகிறது. அம்மா விளக்கேற்றும் இடம், அவருக்கு மனசே சரியில்லை. பக்கத்து வீட்டு மாமா சொன்னபடி அதன் மூக்கை ஈரத்தில் அழுத்தித் திட்டினேன். அதிலிருந்து என்னைக் கண்டாலே சோபாவுக்கு அடியில் ஒளிகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

செந்தூல் அக்கா:
தங்கச்சி, மூக்கை அழுத்துவதை இன்றே விட்டுவிடுங்கள். நடந்து முடிந்ததற்குத் திட்டினால் எதற்கென்று அதற்குப் புரியாது. உங்கள் முன்னால் போகக்கூடாது என்றுதான் பழகிக்கொள்ளும். புல்லில் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது அடக்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாலைந்து முறை போதவே போதாது. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அடக்கக்கூடிய மணி நேரம் என்பார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு 3 மணி நேரம், அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே தூக்குங்கள்.

கயிறு கட்டி ஒரே மூலைக்குக் கொண்டுபோங்கள். பேசாமல், விளையாடாமல் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் போகவில்லையா? உள்ளே இறக்கி விடாதீர்கள். மடியிலோ கூண்டிலோ கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்பவும் அதே மூலை. போய் முடித்த அந்த நொடியில், அங்கேயே, ஒரு துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும்.

அந்தக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். துணியில் போய்ப் பழகிய குட்டிக்கு மெத்தென்று இருந்தாலே அது கழிப்பிடம்தான். தரையை எதில் துடைக்கிறீர்கள்?

மின்னி வீடு, பட்டர்வொர்த்:
அமோனியா வாடை அடிக்கும் கிளீனரில், அக்கா.

செந்தூல் அக்கா:
அதை மாற்றுங்கள். மூத்திர வாடையும் அமோனியா வாடையும் ஒன்றுபோலத்தான், திரும்ப அங்கேயே இழுக்கும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் கேளுங்கள், மூத்திரக் கறையைச் சிதைத்து வாடையைப் போக்கும். ஊற்றியதும் துடைக்காமல், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற விடுங்கள்.

கெப்போங் அண்ணன்:
ஒரு வார்த்தை. தடுப்பூசிகள் முடியும்வரை உங்கள் வீட்டுப் புல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். லோங்காங் (சாக்கடை) பக்கம் விடவே வேண்டாம், எலி மூத்திரத்தில் லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் பரவும், மனிதருக்கும் தொற்றும். சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனாலோ, போகும்போது முனகினாலோ, அது பழக்கக் கோளாறு இல்லை, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

மின்னி வீடு, பட்டர்வொர்த் (ஒன்பது நாள் கழித்து):
அக்கா, அண்ணன், மிக்க நன்றி. முனகல், சொட்டு எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் ஒன்றும் மாறவில்லை, அழுகையே வந்தது. நாலாம் நாள் காலை வாழை மரத்தடியில் போனது. இப்போது உள்ளே ஒரு நாளைக்கு ஒரு முறைதான், பெரும்பாலும் மழை நேரத்தில். நேற்றிரவு 2 மணிக்கு அலாரம் வைத்து, குடை பிடித்து நின்றேன். போய் முடித்துவிட்டு ஓடிவந்து என் காலில் உரசியது. சோபாவுக்கு அடியில் ஒளிவது நின்றுவிட்டது.

செந்தூல் அக்கா:
அது போதும்மா. மழைக்கு, வாழை மரத்தடியில் ஒரு தார்ப்பாயை உயரமாகக் கட்டி விடுங்கள்.