1867 கலவரத் தெருக்கள்: போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்கில் 1867 ஆகஸ்டு 3ஆம் தேதி மூண்டு ஏறத்தாழ பத்து நாள் நீடித்த கலவரத்தில், யாரை யார் வெட்டினார் என்பது பெரும்பாலும் துலங்கவே இல்லை. ரகசியச் சங்கத்தில் சத்தியம் செய்துகொடுத்தவன் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க மாட்டான். அதனால் 'கொலை விழுந்த இடம் எது?' என்று கேட்டுக்கொண்டு போனால் ஆளுக்கொரு சுவரைக் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது தெருக்களின் அமைப்பை. எதிரிகள் எவ்வளவு பக்கத்தில் குடியிருந்தார்கள் என்பது கால் நடந்தால்தான் புரியும்.

இதைச் சீனர் சண்டை என்று நம்மவர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீனச் சங்கமும் வெள்ளைக் கொடி என்ற முஸ்லிம் கூட்டமும், மறுபக்கம் துவா பெக் கோங் என்ற சீனச் சங்கமும் சிவப்புக் கொடிக் கூட்டமும் நின்றன. கொடிக் கூட்டங்களில் மலாய்க்காரர்களோடு சூலியா முஸ்லிம்களும் (தமிழ் முஸ்லிம்கள்) ஜாவி பெரானாக்கான்களும் (இந்திய முஸ்லிம், மலாய்க் கலப்பில் இங்கேயே பிறந்தவர்கள்) இருந்தார்கள். முஹர்ரம் ஊர்வலங்களிலேயே இந்த இரு கொடிகளுக்கும் ஆகாது. யாரோ எறிந்த ரம்புத்தான் தோல் ஒருவர் மேல் பட்டதில் தகராறு வெடித்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஆனால் பகை அதற்கு முன்பே முற்றியிருந்தது.

நடையை ஜார்ஜ் டவுனின் லெபோ கெரெஜாவில் (சர்ச் தெரு) தொடங்குங்கள். இன்று பெரானாக்கான் மாளிகை இருக்கும் இடம் முன்பு கீ ஹின் சங்கத்தின் தலைமையிடம். பின்னாளில் எதிர்த்தரப்பான ஹாய் சான் சங்கத்தின் தலைவர் சுங் கெங் குவீ அதை வாங்கித் தம் மாளிகையைக் கட்டினார். அங்கிருந்து ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் வழியாகத் தெற்கே நேராக வாருங்கள். குவான் யின் கோயில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இரண்டையும் தாண்டினால், அதே சாலை கேனன் தெருவாக மாறும். மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குள்தான். கேனன் தெரு என்ற பெயர், கலவரத்தில் சுட்ட பீரங்கிக் குண்டுகள் சாலையில் போட்ட குழிகளால் வந்தது என்பார்கள். இன்று குழி ஒன்றும் கிடையாது, எல்லாம் தார்.

இங்கே அவசரப்படாதீர்கள். கேனன் தெருவின் கடைவீடுகளுக்கு இடையே ஒரு குறுகிய சந்து இருக்கிறது, கண்ணில் படாமல் கடந்துவிடக்கூடியது. அதற்குள் நுழைந்தால் திடீரென்று விரிந்த முற்றமும், கூ குலத்தாரின் சங்கக் கட்டடமான கூ கொங்சியும். சுற்றிலும் குலத்தாரின் வரிசை வீடுகள் மதில்போல நிற்கின்றன. சந்தின் வாயை நாலு பேர் அடைத்துக்கொண்டால் வெளியாள் உள்ளே வர முடியாது. முற்றத்தின் நடுவில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். இந்தக் கலவரம் ஏன் பத்து நாள் இழுத்தது என்பதற்குப் பாதி விடை அங்கே கிடைக்கும். ஆனால் கொங்சிக் கட்டடத்தையே 1867இன் சாட்சியாக எண்ண வேண்டாம். பழையது 1901இல் எரிந்துபோனது, இப்போதுள்ளது 1906இல் முடிந்தது. இதன் சுவரில் 'கலவரக் காலத்துத் தோட்டாத் துளை' என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

உண்மையிலேயே அந்தக் காலத்து இடம் வேண்டுமென்றால் ஆர்மேனியன் தெரு 57ஆம் எண்ணுக்குப் போங்கள். ஹொக் தெக் செங் சின் கோயில், துவா பெக் கோங் சங்கத்தின் இருப்பிடம், 1850இல் எழுந்தது. சங்கத் தலைவர், அதே கூ குலத்தைச் சேர்ந்த கூ தியன் தெக்குக்குக் கலவரத்தின் பேரில் மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்தார்கள். ஆயர் ஈத்தாமில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. அதே ஆர்மேனியன் தெருவின் மறுகோடியில், 128ஆம் எண்ணில், சிவப்புக் கொடித் தலைவர் சையத் அலத்தாஸின் மாளிகை. கூட்டாளிகள் இருவரும் ஒரே தெருவில்! இதை வரைபடத்தில் பார்ப்பதைவிட நடந்து பார்ப்பதே மேல்.

அடுத்த தெருவில் 1808ஆம் ஆண்டு ஆச்சே தெருப் பள்ளிவாசல். மினாராவின் நடுவே உள்ள வட்டத் திறப்பு பீரங்கிக் குண்டு துளைத்தது என்பது ஊர்ப் பேச்சு. பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் தவறினால் நடை வீணாகும். காலை எட்டரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பாதி முடியும்; கூ கொங்சி ஒன்பதுக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை பள்ளிவாசல் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். சனி, ஞாயிறுகளில் ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் சுவரோவியத்துக்கு வரிசை நிற்கும், 57இன் வாசலைப் பார்க்கவே இடம் கிடைக்காது. அஞ்சடியில் (கடைவீடுகளின் முன்னுள்ள கூரை போட்ட நடைபாதை) கடைக்குக் கடை தளம் ஏறி இறங்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் உண்டு. கார் கொண்டுவராமல் ஜெட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பது நல்லது.

கால் தாங்கினால் ஜாலான் பிந்தால் தாலிக்கும் போய்வாருங்கள். 1890இல் சங்கங்கள் கலைக்கப்பட்ட பிறகும் கீ ஹின் முன்னோரின் பெயர்ப் பலகைகளை மெங் எங் சூ கோயிலில் வைத்து வணங்குகிறார்கள். பலகையைத் தொடக் கூடாது, கேட்காமல் படமெடுக்கக் கூடாது. பூட்டியிருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள். இன்றைய குண்டர் கும்பலைப் பற்றி அங்குள்ள பெரியவர்களிடம் கேள்வி போடாதீர்கள். அவர்கள் காப்பது செத்துப்போனவர்களின் பெயர்களை.